நூற்றெழுபது கிலோவும் ஒரு விசிலும்

வீட்டுக் கூடத்தில் விமானத்தை நிறுத்தி வைத்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. வருகிற விருந்தாளி நெடுநேரம் உட்கார மாட்டான். உட்கார்ந்தால் வால் முதுகில் இடிக்கும், எழுந்தால் மூக்கு நெற்றியில் இடிக்கும். பைலட் வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உடம்பில் எங்கேயாவது ஒரு புடைப்போடுதான் திரும்பியிருக்கிறார்கள்.

பைலட் என்பது தெரு வைத்த பெயர். சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு அவன் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தது உண்மைதான். ஆனால் தெரு அதற்காக ஒன்றும் அந்தப் பெயரை வைக்கவில்லை, கிண்டலுக்குத்தான் வைத்தது. தொழில் என்னவோ தையல் மிஷின் ரிப்பேர். தொழில் போக மிச்ச நேரமெல்லாம், பதினொரு வருஷமாக, இரண்டு பேர் உட்காருகிற ஒரு விமானத்தைத் தானே கட்டிக்கொண்டிருந்தான். முதலில் கார் ஷெட்டில்தான் கட்டினான். ஷெட் ஒழுகியது. ஒரு மழைக்கு விமானத்தின் உடம்பு கூடத்துக்கு வந்தது, அடுத்த மழைக்கு இறக்கைகள் படுக்கையறைக்கு வந்தன. அதற்கப்புறம் வெயில் அடித்தும் அவை வெளியே போகவில்லை.

அவன் மனைவியைத் தெருவில் எல்லோரும் டெய்லரம்மா என்பார்கள். ஓடாத மிஷினைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்கு வந்தவள், மிஷினோடு சேர்த்து மெக்கானிக்கையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இறக்கைகளுக்குத் துணி போர்த்தியவள் அவள்தான். மெல்லிய மரச் சட்டங்களின் மேல் துணியை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சட்டத்தோடும் சேர்த்துக் கையால் தைக்க வேண்டும். விரற்கடை இடைவெளி பிசகக் கூடாது. ஆயிரத்துச் சொச்சம் முடிச்சுகள், ஒன்றுகூடத் தளரவில்லை. பரிசோதிக்க வந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்து, "இது மிஷின் தையல் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவளுடைய பத்து விரலும் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பும் எரியாது, இறக்கையும் இருக்காது. இது பைலட்டுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் அந்த மனுஷன் செய்த காரியம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இன்ஜின் வந்து சேர்ந்தது. வேனில் வந்த இரண்டு பேர் மரப்பெட்டியை இறக்கி ஷெட்டில் வைத்தார்கள். ஆறு சிலிண்டர், நூற்றெழுபது கிலோ. பெட்டியைத் திறந்து பார்த்ததும் பைலட்டுக்குத் தலைகால் புரியவில்லை. புதுமாப்பிள்ளை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேன்காரர்கள் கிளம்பப் போனார்கள், அவன் விடவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு உதவி. உள்ள வந்து கொஞ்சம் தொங்கிட்டுப் போங்க."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் இதுதான். கூடத்தில் சுவருக்குச் சுவர் ஒரு பழைய மர உத்தரம் ஓடியது. அதில் செயின் பிளாக்கை, அதாவது கையால் இழுக்கிற சங்கிலிக் கப்பியை, கட்டி இன்ஜினைத் தூக்கிவிடலாம் என்பது பைலட்டின் திட்டம். உத்தரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். வேன்காரர்கள் இரண்டு பேர், அவன், டெய்லரம்மா ஆக நான்கு பேரும் வரிசையாக ஸ்டூல் போட்டு ஏறி, உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்கள். பத்து எண்ணுகிறவரை தொங்கினார்கள். உத்தரம் அசையவில்லை.

"நாலு பேரும் சேர்ந்து இருநூத்தி நாப்பது கிலோ. இன்ஜின் நூத்தி எழுபதுதான். கணக்கு முடிஞ்சுது!" என்று பைலட் கையைத் தட்டிக்கொண்டான்.

சுவரோரம் தன் சாய்வு நாற்காலியில் இருந்த மாமனார், பேப்பரைத் தாழ்த்தி இதைப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பரை உயர்த்திக்கொண்டார். அவர், டெய்லரம்மாவின் அப்பா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காது மந்தம். முப்பத்து நாலு வருஷம் ஒரே விசிலில் பஸ்ஸை நிறுத்திக் காட்டியவரால் இந்த வீட்டில் ஒரு மின்விசிறியைக்கூட நிறுத்த முடியவில்லை. அவர் ஏதாவது சொன்னால் மகள் "சரிப்பா" என்பாள், மருமகன் "பார்க்கலாம் மாமா" என்பான், இரண்டு பேரும் வேலையைப் பார்ப்பார்கள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, காது கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவரும் நாளடைவில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

டெய்லரம்மா ஒரு வேலை செய்தாள். அன்று மத்தியானமே, புருஷனுக்குத் தெரியாமல், நாத்தனாருக்கு ஃபோன் போட்டுவிட்டாள்.

பைலட்டின் அக்கா துறைமுகத்தில் சிக்னல்காரி. கிரேன் ஓட்டுகிறவர் மேலே உட்கார்ந்திருப்பார், அவருக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே நின்று கையைக் காட்டியும் விசில் ஊதியும் தூக்கு, இறக்கு, நில்லு என்று சொல்கிறவள் அக்கா. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கண்காணிப்பில் ஒருவருக்குக்கூட நகம் பெயர்ந்ததில்லை. தம்பி அவளை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால் காரணம் சின்னது. சின்ன வயசிலிருந்து அவள் அதிகாரம் பண்ணியே வளர்த்தவள். பதினொரு வருஷக் கனவின் கடைசி நாளிலும் "டேய், தள்ளு" என்பாள். அது அவனுக்கு வேண்டாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா வாசலில் நின்றாள். தோளில் ஒரு கனமான பை, கழுத்தில் விசில்.

"யார் சொன்னா உனக்கு?" என்றான் தம்பி.

"காக்கா வந்து கரைஞ்சுது. தள்ளு."

உள்ளே வந்ததும் அவன் உத்தரத்தைக் காட்டி, நான்கு பேர் தொங்கிய கதையைப் பெருமையாகச் சொன்னான். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள் முகம் சட்டென்று மாறியது.

"நாலு பேரும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பரவித் தொங்கினீங்க. இன்ஜின் அப்படித் தொங்காது. மூக்கு இருக்கிற இடத்துக்கு மேல, சுவர் பக்கத்துல, ஒரே இடத்துல தொங்கும். நீங்க பத்து எண்ணி இறங்கிட்டீங்க, அது அரை மணி நேரம் தொங்கும். மரம் சுவருக்குள்ள எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா? உள்ள போய்ப் பார்த்தியா?"

"நல்ல மரம்க்கா. அந்தக் காலத்து மரம்."

"நானும் அந்தக் காலத்து ஆளுதான். என் முழங்காலைக் கேட்டுப் பாரு, சொல்லும். உத்தரத்துல கை வைக்கக் கூடாது."

தெருமுனைக் கார் மெக்கானிக்கிடம் பேசி, இன்ஜின் தூக்கும் கிரேனை வாங்கிவந்தார்கள். நீண்ட கை, கையால் அடிக்கிற பம்ப், தரையோடு நீளும் இரண்டு கால்கள், காலடியில் சக்கரங்கள். மத்தியானம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் அக்கா இன்ஜினைத் தொடவிடவில்லை. முதலில் வெறும் மரப்பெட்டியைத் தூக்கி ஒத்திகை பார்க்க வேண்டும் என்றாள். தம்பிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது, அடக்கிக்கொண்டான். அக்கா எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாள்.

"நான் ஒருத்திதான் பேசுவேன். தூக்கு, இறக்கு எல்லாம் என் வாயிலிருந்துதான் வரணும். ஆனா நில்லுன்னு மட்டும் யார் வேணாலும் சொல்லலாம். யார் சொன்னாலும் எல்லாரும் நிக்கணும். கையை எடுத்து நெஞ்சு மேல வச்சுக்கணும். காரணத்தை அப்புறம் கேளுங்க, முதல்ல நில்லுங்க. அப்புறம் இன்னொண்ணு. லோடு தொங்கிட்டு இருக்கும்போது அதுக்கு அடியிலயோ இடுக்குலயோ ஒரு விரல்கூடப் போகக் கூடாது. கீழ கட்டை முட்டுக் கொடுத்து, கனம் கட்டை மேல உட்கார்ந்த பிறகுதான் விரல் போகணும்."

பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்களும்தான்."

"நான் சொன்னா யாரும்மா நிக்கப் போறா?" என்றார் அவர்.

அக்கா பையிலிருந்து இன்னொரு விசிலை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள். "நான் நிப்பேன் மாமா. நிக்காதவன் காதைத் திருகுவேன்."

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். வாயில் வைத்து, ஒரு ஊது ஊதினார். முப்பத்து நாலு வருஷப் பழக்கம், சத்தம் தெருவுக்குக் கேட்டது. மூன்று பேரும் சட்டென்று கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

"என்ன மாமா?"

"சும்மா ஊதிப் பார்த்தேம்மா."

"ரொம்பச் சரி," என்றாள் அக்கா.

அவ்வளவுதான், மாமனாருக்கு வயசு முப்பது குறைந்துவிட்டது. வெறும் பெட்டியை வைத்து ஒத்திகை முடிந்ததும் இன்ஜினைக் கிரேனில் தூக்கினார்கள். நான்கு விரற்கடை உயரம் தூக்கியதும் அக்கா நிறுத்தி, இன்ஜினைச் சுற்றிக் கட்டிய பெல்ட் சறுக்குகிறதா, எந்தப் பக்கமாவது சாய்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சக்கரப் பலகையில் இறக்கி, வாசல் படிக்குச் சாய்வாகப் போட்ட பலகையின் மேல் கயிற்றால் இழுத்தார்கள். ஒவ்வொரு முழத்துக்கும் சக்கரத்துக்குப் பின்னால் ஆப்பு வைத்தார்கள். இன்ஜினுக்குக் கீழ்ப்பக்கம் யாரையும் நிற்கவிடவில்லை. நடுவே ஒரு விசில். பார்த்தால், வழியில் மாமனாரின் செருப்பு கிடந்தது. "யாராவது தடுக்கி விழுந்திருப்பாங்க, நல்லவேளை மாமா!" என்றாள் அக்கா. அந்தப் பாராட்டு வினையாகப் போயிற்று. அடுத்த விசில், மணி என்ன என்று கேட்க. அதற்கடுத்த விசில், "டீ போடலையா?" என்று கேட்க.

"அக்கா, இது வேலை நடக்கிற இடமா, பஸ் ஸ்டாண்டா?" என்று பைலட் பல்லைக் கடித்தான்.

"பத்து விசில் வீணாப் போகட்டும்டா. பதினோராவது விசிலுக்கு உன் கை பழகியிருக்கும்."

கூடத்துக்குள் இன்ஜின் பத்திரமாக வந்துவிட்டது. மறுபடி கிரேனில் மாட்டி, விமானத்தின் மூக்கை நோக்கித் தள்ளினார்கள். இன்னும் ஒரு முழம் இருக்கும்போது கிரேனின் கால்கள் விமானத்தின் சக்கரங்களில் முட்டி நின்றன. அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு முழம் ஒரு முழமாகவே இருந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். "சக்கரத்தைக் கழட்டி, விமானத்தை மரக்கட்டை மேல ஏத்தி வை. கிரேன் கால் அடியில புகுந்துடும். இன்னைக்கு முடியாது, எனக்கு ரெண்டு மணிக்கு டூட்டி. நாளைக்குக் காலையில வரேன்."

"சக்கரத்தைக் கழட்டறதா? அதை மாட்ட எனக்கு மூணு மாசம் ஆச்சு!"

"கழட்ட மூணு மணி நேரம்தான் ஆகும். இன்ஜினைத் தொடாத. உத்தரத்தைப் பார்க்கவே பார்க்காத. புரியுதா?"

இன்ஜினைத் தாழ்வான ஸ்டாண்டில் இறக்கி உட்காரவைத்துவிட்டு, கிரேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் போய்விட்டாள். மாமனாரிடம் விசிலைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டாள். அவரும் நினைவுபடுத்தவில்லை.

பதினொரு வருஷம் பொறுத்தவனுக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. சாப்பிட்டான், எழுந்தான், இன்ஜினைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான். நடுவில் ஒரு முழம். அண்ணாந்து உத்தரத்தையும் பார்த்துவிட்டான்.

"இங்க பாரு, பத்தே நிமிஷம்," என்றான் மனைவியிடம்.

"அண்ணி நாளைக்கு வரேன்னாங்களே."

"கப்பல்ல ஏத்தற கனத்துக்குப் போடற சட்டத்தையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டுவந்தா எப்படி? செயின் பிளாக் ஒரு டன் தாங்கும். பத்து நிமிஷம்."

"உங்க பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா? பத்து நிமிஷத்துல எடுத்துடறேன்னு சொல்லித்தான் இறக்கையைப் படுக்கையறையில வச்சீங்க."

சொன்னாளே தவிர, அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பதினொரு வருஷமும் நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உத்தரத்தில் செயின் பிளாக்கைக் கட்டினான். சங்கிலி இழுக்க இழுக்க, இன்ஜின் அழகாக எழும்பியது. கையால் தள்ளினால் பூப்போல நகர்ந்தது. மூக்குச் சட்டத்தில் நான்கு துளைகள், இன்ஜினின் முதுகில் துளை போட்ட நான்கு இரும்புக் காதுகள். துளையும் காதும் நேருக்கு நேர் வர வேண்டும், நடுவில் ஆளுக்கொரு ரப்பர் வளையம் உட்கார வேண்டும், அதற்குள் போல்ட் நுழைய வேண்டும். மேல் இரண்டும் சண்டித்தனம் பண்ணாமல் எதிரெதிரே வந்துவிட்டன. ஒரு விரல் அகல இடைவெளி. அதற்குள் ரப்பர் வளையத்தை நுழைத்துப் பிடித்துக்கொள்ள, அவன் தடித்த விரல் போகவில்லை.

"நீ பிடி. உன் விரல்தான் போகும்."

"கீழ கட்டை வைக்கணும்னாங்களே அண்ணி?"

"கட்டை வச்சா இன்ஜினை இம்மி இம்மியா இறக்க முடியாது. சங்கிலி பிடிச்சிட்டு இருக்கு, நான் இருக்கேன். நீ பிடி."

நான் இருக்கேன் என்றானே, அந்த ஒரு வார்த்தைதான். அவள் இரண்டு கை விரல்களையும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே விட்டு, வளையத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் பக்கவாட்டில் நின்று சங்கிலியை ஒரு கண்ணி, இன்னொரு கண்ணி என்று விட்டான். ஒரு நூல் அளவு இடித்தது. கொஞ்சம் ஏற்றினான். மறுபடி இறக்கினான். பத்து நிமிஷம் இருபது ஆயிற்று, முப்பது ஆயிற்று. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. போல்ட்டின் முனை துளையில் தொட்டுவிட்டது.

அப்போது விசில் அடித்தது.

பைலட்டுக்கு எரிச்சல் பொங்கியது. இப்போதா! மணி கேட்கவா, டீ கேட்கவா? "மாமா, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா!" என்று கத்தினான். சங்கிலியிலிருந்து கையை எடுக்கவில்லை.

டெய்லரம்மா எடுத்துவிட்டாள். யோசித்து எடுத்ததில்லை. காலையிலிருந்து நாலைந்து தடவை பழகிய கை, விசில் கேட்டதும் தானே வெளியே வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டது.

மாமனார் டீ டம்ளரை நீட்டிக் காட்டினார். "டீயில மண்ணு விழுது மாப்பிள்ளை. மேலேர்ந்து—"

அவர் சொல்லி முடிக்கவில்லை. சுவருக்குள் ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. உத்தரத்தின் கோடி மூன்று விரற்கடை கீழே இறங்கியது. இன்ஜின் அதோடு சேர்ந்து இறங்கி, மூக்குச் சட்டத்தில் போய் அறைந்தது. வீடே ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. சுவரில் உத்தரம் நுழைகிற இடத்திலிருந்து செம்மண்ணும் கரையான் அரித்த தூளும் மாமனாரின் நாற்காலி மேல் பொலபொலவென்று கொட்டின. உத்தரம் உடைந்த செங்கல்லில் தட்டி, அதற்கு மேல் இறங்காமல் நின்றது. இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சட்டத்தில் ஒரு காதை ஊன்றிக்கொண்டு தொங்கியது.

பைலட் முதலில் பார்த்தது அந்த இடுக்கைத்தான். இடுக்கு இல்லை. இரும்பு இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ரப்பர் வளையம் நசுங்கி, இரண்டாகக் கிழிந்து, காகிதம்போலப் பிதுங்கித் தெரிந்தது.

அப்புறம்தான் மனைவியைப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தாள். அவளையும் மாமனாரையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். வாசல் வெளிச்சத்தில் அவள் கைகளை விரித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினான். பத்து வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினான்.

"என்னங்க, கல்யாணத்தப்போ எண்ணிப் பார்க்காம விட்டுட்டீங்களா?" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். அவன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஃபோனை எடுத்தான். அக்கா எடுத்ததும் துறைமுகச் சத்தம் கேட்டது.

"அக்கா, உத்தரம் இறங்கிடுச்சு."

"கை எங்க?" என்றாள். அவள் குரல் அப்படி நடுங்கி அவன் கேட்டதே இல்லை.

"எல்லார் கையும் நெஞ்சு மேல இருக்குக்கா."

"வெளியிலதான இருக்கீங்க? யாரும் உள்ள போகக் கூடாது. நான் வரேன்."

"அக்கா," என்றான். "நான் நிக்கலக்கா. மாமா ஊதினாரு, நான் நிக்கல. அவதான் நின்னா."

"தெரியும்டா," என்றாள் அக்கா. "நீ நிக்க மாட்டேன்னுதான் அத்தனை தடவை அவளை நிக்க வச்சேன்."

மாமனார் வாசல் படியில் காலி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் பிடிபட்டுக்கொண்டிருந்தது. மகளின் கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, விடாமல் இருந்தார். பைலட் அவர் முன்னால் போய் நின்றான். என்ன சொல்வது? நன்றி என்கிற வார்த்தை பத்து விரலுக்குப் போதுமா? கடைசியில் அந்த டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினான். மனைவி ஊருக்குப் போயிருந்தாலும் தானாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தறியாத மருமகன், டம்ளரைக் கழுவி, டீ வாங்கி, மேலே தன் உள்ளங்கையை மூடிப் பிடித்துக்கொண்டு, ஒரு தூசு விழாமல் கொண்டுவந்து கொடுத்தான்.

"சூடா இருக்கு மாமா. பார்த்துக் குடிங்க."

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை ஒரு அரை ஸ்பூன்..." என்று இழுத்தார். அவன் மறுபடி ஓடினான்.

அக்கா ஒரு மணி நேரத்தில் சக ஆட்களிடம் டூட்டியை ஒப்படைத்துவிட்டு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டவில்லை, அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. இரும்பு முட்டுகள் கொண்டுவந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தாள், கிரேனை மறுபடி வரவழைத்தாள், அது எட்டாத ஒரு முழத்துக்கு இன்ஜினைக் கயிறு கட்டிக் கிரேன் பக்கம் இழுத்துக்கொண்டாள், பொழுது சாய்வதற்குள் இன்ஜினை ஸ்டாண்டில் இறக்கினாள். கிழிந்த ரப்பர் வளையத்தை எடுத்து, பேசாமல் தம்பி கையில் வைத்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. சட்டை மாற்றும்போது அதுவும் மாறும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று மாசம் பாடுபட்டு மாட்டிய சக்கரங்களைப் பைலட் தானே கழற்றினான். முணுமுணுக்கக்கூட இல்லை. விமானத்தை மரக்கட்டைகளின் மேல் ஏற்றினார்கள். கிரேனின் கால்கள் அடியில் புகுந்தன. அந்த ஒரு முழம் ஒரு பெருமூச்சு விடுகிற நேரத்தில் தீர்ந்துபோனது. இன்ஜினுக்கு அடியில் கட்டை மேல் கட்டையாக அடுக்கி, கனம் கட்டையில் உட்கார்ந்ததை அக்கா குனிந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், அதற்கப்புறம்தான் டெய்லரம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்த விரல்கள் புது வளையத்தை உள்ளே வைத்தன. பைலட் பம்பின் பிடியில் கை வைத்துக்கொண்டு, அக்கா வாயைப் பார்த்தபடி நின்றான். மூன்று போல்ட் போயாயிற்று. நாலாவது துளையில் தொட்டது.

விசில் அடித்தது.

பைலட்டின் கை பம்பிலிருந்து பறந்து வந்து நெஞ்சில் விழுந்தது. காரணம் கேட்கத் தோன்றவில்லை. எரிச்சல் என்று ஒன்று உடம்பில் எங்குமே இல்லை. டெய்லரம்மா நின்றாள், அக்கா நின்றாள், கூடமே நின்றது. வெளியே எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்படி எவ்வளவு நேரம் நிற்கச் சொன்னாலும் அவன் நின்றிருப்பான்.

"என்ன மாமா?" என்றாள் அக்கா, சற்றுப் பொறுத்து.

மாமனார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. மாப்பிள்ளை நிக்கிறாரான்னு பார்த்தேன்."

"நிக்கிறேன் மாமா," என்றான் பைலட். "நீங்க சொல்ற வரைக்கும் நிப்பேன்."

அவர் ஒரு கணம் மருமகனைப் பார்த்தார். நெஞ்சில் ஒட்டியிருந்த மகளின் விரல்களையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, படியில் தொங்குகிறவர்கள் எல்லோரும் உள்ளே ஏறிவிட்டார்களா என்று பார்க்கிற கண்டக்டர் மாதிரி கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"ரைட், போலாம்!" என்று சொல்லி, இரண்டு விசில் கொடுத்தார்.